கம்ப்யூட்டர் நத்தையாகிவிட்டதா? விற்குமுன் கொஞ்சம் பொறுங்கள்!

காலையில் பொத்தானைத் தட்டிவிட்டுப் பல் துலக்கி, காபி குடித்து, பேப்பரின் முதல் பக்கத்தையும் படித்து முடித்த பிறகுதான் வீட்டுக் கம்ப்யூட்டர் வேலைக்குத் தயாராகிறது. அதன்பிறகும் ஒரு படத்தைத் திறக்க ஒரு நிமிஷம், ஒரு கடிதத்தைச் சேமிக்க அரை நிமிஷம். திரையில் அந்த நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வீட்டுக்காரருக்குத் தலை சுற்றுகிறது.

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம், பிரேசர் டவுன், லிங்கராஜபுரம் என்று தமிழர்கள் வாழும் எந்தப் பகுதிக்குப் போனாலும் இப்படி ஒரு கம்ப்யூட்டரைப் பார்க்கலாம். 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காக அவசரமாக வாங்கியதாக இருக்கும். கம்பெனியில் கழித்துக் கட்டியபோது மலிவாகக் கிடைத்ததாக இருக்கும். ஊரில் படித்த அக்காள் மகனுக்குத் தமிழக அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியாகவும் இருக்கலாம். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த மடிக்கணினிகள், வேலை தேடி வந்த இளைஞர்களின் பெட்டியோடு ரயிலேறிப் பல ஊர்களுக்கும் போய்விட்டன.

இந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் கிடைக்கும். "ரொம்பப் பழசு சார், புதுசா எடுத்துடுங்க" என்பது ஒன்று. "பார்மட் பண்ணிடலாம் சார்" என்பது மற்றொன்று. முதல் பதிலால் பல்லாயிரம் ரூபாய் செலவு. இரண்டாவது பதிலால், கவனமாக இல்லாவிட்டால், பத்து வருஷப் புகைப்படங்கள் காலி.

இரண்டுமே தேவைப்படும் சந்தர்ப்பங்கள் உண்டு. இல்லை என்பதற்கில்லை. ஆனால் நோய் என்னவென்று பார்க்காமல் மருந்து சொல்லும் வைத்தியரை எப்படி நம்புவது? கம்ப்யூட்டர் ஏன் மெதுவாகப் போகிறது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் போதும். பைசா செலவு கிடையாது.

எதற்காகக் காத்திருக்கிறது?

ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி கணக்குப் போடுவதில் படுவேகம். அவர் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு மேஜை. அதன்மேல் இருக்கும் சாமானை நொடியில் எடுத்துக் கொடுத்துவிடுவார். மேஜையில் இல்லாததைப் பின்கட்டிலுள்ள கிடங்கிலிருந்து பையன் கொண்டுவர வேண்டும். பையன் வரும்வரை முதலாளி சும்மா உட்கார்ந்திருப்பார். வாசலில் கூட்டம் சேரும்.

கம்ப்யூட்டருக்குள் இருப்பதும் இந்த மூவர்தான். முதலாளி என்பது பிராசசர். மேஜை என்பது ராம் எனப்படும் மெமரி. கிடங்கு என்பது ஹார்ட் டிஸ்க். கம்ப்யூட்டர் மந்தமாகிவிட்டது என்றால் முதலாளிக்கு வயதாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அநேகமாக அது தவறு. எட்டு, பத்து வருஷத்துக்கு முந்தைய பிராசசரும் கடிதம் எழுத, பாடம் படிக்க, படம் பார்க்க, ரயில் டிக்கெட் எடுக்கத் தாராளமாகப் போதும். தாமதமெல்லாம் கிடங்கில்தான்.

ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டு. 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி முதன்முதலாக வெளியிட்ட ஹார்ட் டிஸ்க்கில் இரண்டடி அகலமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அவ்வளவு பெரிய யந்திரத்தில் அடங்கியது சுமார் 5 மெகாபைட். இன்றைய செல்போன் புகைப்படம் ஒன்றிரண்டு மட்டுமே அதில் பிடிக்கும். இப்போது தட்டு உள்ளங்கையில் அடங்கிவிட்டது. கொள்ளளவும் லட்சம் மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. ஆனால் வேலை செய்யும் விதம் மட்டும் அதேதான். தட்டு சுழல வேண்டும். ஒரு சிறு கை நகர்ந்து உரிய இடத்துக்குப் போக வேண்டும். வேண்டிய விவரம் சுற்றி வரும்வரை அந்தக் கை காத்திருக்க வேண்டும்.

சாதாரண மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. அதாவது வினாடிக்கு 90 சுற்று. கை நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு விவரத்தைத் தேடி எடுக்க ஏறக்குறைய 15 மில்லி வினாடி பிடிக்கும். கேட்பதற்கு இது ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். ஆனால் வினாடிக்கு 200 கோடி துடிப்பு துடிக்கும் பிராசசருக்கு அந்த நேரத்தில் மூன்று கோடி துடிப்பு வீணாகிறது. கம்ப்யூட்டரைத் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை இப்படி ஒவ்வொன்றாக எடுத்து வர வேண்டியிருக்கிறது. நிமிஷக்கணக்கில் காத்திருப்பதன் ரகசியம் இதுதான்.

மேஜை சிறியதாக இருந்தால் சங்கடம் இன்னும் அதிகம். மெமரி நிறைந்துவிட்டால், அப்போதைக்கு வேண்டாததைக் கம்ப்யூட்டர் கிடங்குக்கு அனுப்பிவிட்டு வேண்டியதை எடுத்து வரும். அடுத்த நிமிஷமே அனுப்பியது திரும்பவும் தேவைப்படும். போவதும் வருவதுமாகவே நேரம் கழியும், வியாபாரம் நடக்காது. பீட்டர் டென்னிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1968-லேயே இந்த நிலைமையை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். அன்று பெரிய பெரிய ஆராய்ச்சிக் கூடங்களுக்கு இருந்த பிரச்சினை இன்று நம் வீட்டு ஹாலுக்கு வந்திருக்கிறது.

அப்படியானால் வாங்கிய புதிதில் மட்டும் எப்படி வேகமாக ஓடியது? கம்ப்யூட்டர் இளைக்கவில்லை, அதன்மேல் ஏற்றும் சுமை கூடிவிட்டது. 1995-ல் வந்த விண்டோஸுக்குக் குறைந்தபட்சம் 4 மெகாபைட் மெமரி போதுமாக இருந்தது. 2001-ன் எக்ஸ்.பி.க்கு 64 மெகாபைட். 2009-ன் விண்டோஸ் 7-க்கு ஒரு ஜிகாபைட். 2021-ன் விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிகாபைட். இருபத்தாறு வருஷத்தில் ஆயிரம் மடங்குக்கு மேல்! நாம் எழுதும் கடிதம் என்னவோ அதே நீளம்தான். யந்திரம் வேகமாவதைவிட மென்பொருள் மெதுவாவது இன்னும் வேகமாக நடக்கிறது என்று ஸ்விட்சர்லாந்து விஞ்ஞானி நிக்லாஸ் விர்த் 1995-லேயே எழுதினார். பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கியவர் அவர். 2024 ஜனவரி முதல் தேதி அவர் காலமானபோதும் அந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் கிடைக்கவில்லை.

நாடி பிடித்துப் பார்ப்பது எப்படி?

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மானேஜர் என்ற பலகை திறக்கும். சுருக்கமாகத் தெரிந்தால் "மோர் டீடெய்ல்ஸ்" என்பதைத் தட்ட வேண்டும். அங்கே சி.பி.யூ., மெமரி, டிஸ்க் என்று மூன்று பத்திகள் சதவீதக் கணக்கைக் காட்டிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் திணறும் நேரத்தில் இந்தப் பலகையைப் பார்ப்பதுதான் முக்கியம். நன்றாக ஓடும்போது பார்த்துப் பயனில்லை.

டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றுகொண்டு சி.பி.யூ. பத்து இருபதில் இருந்தால், கிடங்குப் பையனுக்காக முதலாளி காத்திருக்கிறார் என்று அர்த்தம். மெமரி 90-ஐத் தாண்டியிருந்தால் மேஜை போதவில்லை. சி.பி.யூ.வே எந்நேரமும் நூறைத் தொட்டுக்கொண்டிருந்தால், எந்த மென்பொருள் அதை வேலை வாங்குகிறது என்று பட்டியலில் பார்க்க வேண்டும். தெரியாத பெயராக இருந்தால் வைரஸ் சந்தேகம் வரலாம். காசு கொடுக்காமல் திருட்டு விண்டோஸை உயிர்ப்பிக்க "கிராக்" போட்ட கம்ப்யூட்டர்களில் இந்தத் தொந்தரவு சகஜம். இலவசமாக வந்தது சும்மா வருவதில்லை. பிறருக்கு நாணயம் சம்பாதித்துக் கொடுக்கும் நிரலும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதே பலகையில் "ஸ்டார்ட்அப்" என்ற பகுதி உண்டு. கம்ப்யூட்டர் கண் விழித்தவுடன் தானாக எழுந்து உட்காரும் மென்பொருள்களின் பட்டியல் அது. பிரிண்டருடன் வந்தது, பாட்டுக் கேட்க ஏற்றியது, என்றோ ஒரு நாள் ஒரு மீட்டிங்குக்காக ஏற்றியது என்று எல்லாம் வரிசையாக இருக்கும். தேவையில்லாததை "டிஸேபிள்" செய்யலாம். மென்பொருள் அழிந்துவிடாது, கூப்பிட்டால் மட்டும் வரும். வைரஸ் தடுப்பை மட்டும் தொட வேண்டாம்.

வைரஸ் தடுப்பு என்றதும் ஒரு விஷயம். ஒன்று நல்லதென்றால் இரண்டு இன்னும் நல்லதல்லவா என்று சிலர் இரண்டு மூன்றை ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஒரே கோப்பை இரண்டு காவலாளிகள் மாறி மாறிச் சோதனை போட்டால் வேலை எப்படி நடக்கும்? விண்டோஸ் 8 முதல் டிபெண்டர் என்ற தடுப்பு கூடவே வருகிறது. சாதாரண வீட்டு உபயோகத்துக்கு அது போதும்.

இன்னொரு சூட்சுமம் பலருக்கும் தெரிவதில்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து "ஷட் டவுன்" கொடுத்தாலும் கம்ப்யூட்டர் முழுமையாக அணைவதில்லை. அடுத்த முறை சீக்கிரம் எழ வேண்டும் என்பதற்காக உள்ளே நடந்துகொண்டிருந்ததில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்கிறது. பழைய கோளாறும் அதோடு சேர்ந்தே தங்கிவிடுவதுண்டு. "ரீஸ்டார்ட்" கொடுத்தால்தான் எல்லாம் துடைக்கப்பட்டுப் புதிதாகத் தொடங்கும். மாதக்கணக்கில் ஷட் டவுன் மட்டுமே செய்து வந்தவர்கள் ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து பார்க்கட்டும்.

சி டிரைவ் பிதுங்கி வழிந்தாலும் மூச்சுத் திணறல்தான். ஆறில் ஒரு பங்காவது காலியாக இருப்பது நல்லது. முதலில் "டவுன்லோட்ஸ்" பெட்டியைத் திறந்து பார்த்தால் போதும், போன வருஷத்து எல்.ஐ.சி. ரசீதே ஏழு பிரதி இருக்கும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். "உங்கள் கம்ப்யூட்டரில் 1,500 பிழைகள்" என்று திரையில் மின்னும் விளம்பரங்களை நம்பக்கூடாது. ரெஜிஸ்ட்ரி கிளீனர், ஸ்பீட் பூஸ்டர் என்ற பெயரில் வருபவை பெரும்பாலும் இன்னொரு சுமைதான். ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் இத்தகைய மென்பொருள்களை விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசாப்ட் நிறுவனமே ஆதரிப்பதில்லை. திரையில் டெலிபோன் நம்பர் காட்டி "உடனே அழையுங்கள்" என்று அலறினால் அது நிச்சயம் மோசடி. அழைத்தவர்களின் கம்ப்யூட்டரைத் தொலைவிலிருந்தே கைப்பற்றி, வங்கிக் கணக்கில் கை வைக்கும் கும்பல்கள் இருக்கின்றன. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தயங்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்ய வேண்டும். இந்தியா முழுவதற்கும் அதே எண்தான். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

தூசியும் சூடும்

செலவு செய்யுமுன் பார்க்க வேண்டியது இன்னொன்று உண்டு. பிராசசர் அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நூறு டிகிரியை நெருங்கும்போது அநேகம் மடிக்கணினிகள் அப்படித்தான் செய்கின்றன. மெட்ரோ வேலை, மேம்பால வேலை, பக்கத்து மனையில் கட்டட வேலை என்று ஓயாமல் தூசி பறக்கும் பெங்களூரில் இரண்டு வருஷம் திறக்காத கம்ப்யூட்டரின் மின்விசிறிக்குள் ஒரு தலையணைக்குப் பஞ்சு சேர்ந்திருக்கும். மடிக்கணினியை மெத்தைமேல் வைத்துப் படம் பார்க்கும் பழக்கம் வேறு. அடியில் உள்ள காற்றுத் துவாரம் அடைபட்டுப் போகிறது.

பெட்டிக் கம்ப்யூட்டரானால் மின்சார வயரை அடியோடு பிடுங்கிவிட்டு, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, மெல்லிய பிரஷ்ஷால் வீட்டிலேயே சுத்தம் செய்யலாம். காற்று அடிக்கும்போது விசிறி இதழை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கண்டபடி சுற்றவிட்டால் அது கெட்டுவிடும். மடிக்கணினியைத் திறப்பது பழக்கமில்லாதவர்களுக்கு ஆகாது. கடைக்காரரிடம் கொடுக்கும்போது பிராசசருக்குமேல் பூசும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றித் தரச் சொல்லலாம். சில மாடல்களில், கம்பெனி சார்ஜருக்குப் பதில் ஏதோ ஒரு சார்ஜரைச் செருகினாலும் வேகம் பாதியாகிவிடும். அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது.

எஸ்.பி. ரோட்டில் என்ன வாங்குவது?

இவ்வளவுக்கும் பிறகும் டிஸ்க் நூறிலேயே நிற்கிறதா? சரி, இனி செலவு செய்ய வேண்டியதுதான். சுழலும் தட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடுவதைப்போல் கொடுத்த காசுக்குப் பலன் தரும் வைத்தியம் வேறில்லை. அதில் சுழலும் பாகம் எதுவும் கிடையாது, எல்லாம் சில்லுதான். 15 மில்லி வினாடி பிடித்த தேடல், ஒரு மில்லி வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடுகிறது. நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஐந்து நிமிஷம் ஆகித் தொடங்கிய கம்ப்யூட்டர் அரை நிமிஷத்தில் எழுந்து நிற்பதைப் பார்த்து, வேறு கம்ப்யூட்டரை மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு.

பெங்களூர்க்காரர்களுக்கு இதற்கெல்லாம் ஒரே இடம் எஸ்.பி. ரோடு. டவுன் ஹால் பக்கத்தில் சதர் பத்ரப்பா ரோடு என்ற முழுப் பெயருடன் இருக்கும் அந்தக் குறுகிய தெருவில் நின்றுகொண்டு கை நீட்டினால் இரண்டு பக்கத்துக் கடையையும் தொட்டுவிடலாம் போலிருக்கும். திருகாணி முதல் சர்வர் வரை கிடைக்கும். கன்னடமும் ஹிந்தியும் தெரியாவிட்டாலும் கவலையில்லை, தமிழில் பேசியே பேரத்தை முடித்துக்கொண்டு வரலாம்.

என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதுதான் முக்கியம். பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் இரண்டரை அங்குல "சாட்டா" எஸ்.எஸ்.டி. பொருந்தும். புதிய மாடல்களில் "எம்.டூ" என்ற மெல்லிய பட்டை செருகும் இடமும் இருக்கலாம். மாடல் நம்பரைச் சொல்லிக் கேட்பது நல்லது. கம்ப்யூட்டரையே எடுத்துக்கொண்டு போவது அதைவிட நல்லது. 256 ஜிகாபைட் சாதாரணக் குடும்பத்துக்குப் போதும். பெயர் தெரியாத கம்பெனி, நம்ப முடியாத மலிவு, பெரிய கொள்ளளவு மூன்றும் ஒன்றாக இருந்தால் விலகி வந்துவிட வேண்டும். மேலே 2 டெராபைட் என்று அச்சிட்டு உள்ளே அதில் நூறில் ஒரு பங்குகூட வைக்காத போலிகள் உலவுகின்றன. "பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்" என்று கடைக்காரர் சொன்னால், குறைவது விலை மட்டுமல்ல, வாரண்டியும்தான்.

மெமரியில் இன்னும் கவனம் வேண்டும். டி.டி.ஆர். 3, 4, 5 என்று தலைமுறைகள் உண்டு. ஒன்றுக்குரிய இடத்தில் மற்றொன்று நுழையாது. பள்ளம் வெட்டியிருக்கும் இடமே வேறு. 4 ஜிகாபைட்டோடு திணறும் கம்ப்யூட்டரை எட்டாக்கினால் நல்ல பலன் தெரியும். ஆனால் விண்டோஸ் 32-பிட் வகையாக இருந்தால் நாலுக்குமேல் எவ்வளவு செருகினாலும் அதற்குக் கண் தெரியாது. கடையில் பணத்தை நீட்டுமுன் "சிஸ்டம்" பக்கத்தில் இதைப் பார்த்துவிட வேண்டும். 2025-ன் பிற்பகுதியில் ஏ.ஐ. கம்பெனிகளின் ராட்சதக் கூடங்களுக்காகச் சில்லுகள் அள்ளிக்கொண்டு போகப்பட்டதால் மெமரி விலை கிடுகிடுவென ஏறியது. ஆகவே நாலைந்து கடை ஏறி இறங்கி விசாரிப்பதில் தவறில்லை. பழைய டி.டி.ஆர். 3 வகை மெமரி, கழற்றி விற்கும் கடைகளில் கிடைக்கும். அங்கேயே செருகி ஓட்டிப் பார்த்து வாங்க வேண்டும்.

பார்மட்டுக்குமுன்

எஸ்.எஸ்.டி. மாட்டும்போது பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே பிரதி எடுத்துப் புதியதில் போடலாம். "குளோன்" என்பார்கள். அல்லது விண்டோஸைப் புதிதாக ஏற்றலாம். வேகத்துக்கு இரண்டாவது மேல்தான். ஆனால் எதைச் செய்வதானாலும் அதற்குமுன் கல்யாணப் புகைப்படம், பிள்ளைகளின் சர்டிபிகேட், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், காலமான தாத்தாவின் குரல் பதிவு எல்லாவற்றையும் தனியாக ஒரு டிஸ்க்கில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வெறுமனே எடுத்து வைத்தால் போதாது. வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்க வேண்டும். பழைய டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தால் இதை நாளைக்குத் தள்ளக்கூடாது. சாகப்போகும் டிஸ்க்கும் மெதுவாகத்தான் போகும். மந்தம் என்று நாம் நினைப்பது சில சமயம் மரண வாக்குமூலம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மேலும் ஒன்று. யூனிகோடு பரவுவதற்குமுன் பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று ஆளுக்கொரு எழுத்துருவில் தமிழ் அடித்தோம். தமிழ்ச் சங்க மலர், கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அந்த எழுத்துருவில்தான் இருக்கும். கடைக்காரர் பார்மட் செய்துவிட்டு "பைல் எல்லாம் இருக்கு சார்" என்பார். உண்மைதான், இருக்கும். திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாகப் புரியாத பாஷை தெரியும். கோப்பு கெடவில்லை, அதைத் தமிழாகக் காட்டிய எழுத்துரு விண்டோஸ் பெட்டியோடு அழிந்துபோயிற்று. ஆகவே சி டிரைவில் விண்டோஸ் பெட்டிக்குள் இருக்கும் "பான்ட்ஸ்" பெட்டியிலிருந்து தமிழ் எழுத்துருக்களையும் தனியே எடுத்து வைக்க வேண்டும். நேரம் இருப்பவர்கள் அந்தப் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நிரந்தரத் தீர்வு. அதற்கான இலவச மாற்றிகள் உண்டு. இந்த விவரம் தெரியாமல் ஒரு சங்கத்தின் இருபது வருஷக் கணக்கே வாசிக்க முடியாததாகிவிடலாம்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு

வேகம் ஒருபுறமிருக்க, பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நின்றன. வீட்டு உபயோகிப்பாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் கிடைக்கும் என்று மைக்ரோசாப்ட் 2025-ல் அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றாலோ, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். ஐ5 என்ற பெயருக்குப்பின் வரும் நம்பரைப் பார்த்தால் தலைமுறை தெரியும். 4460 என்றிருந்தால் நான்கு. 8250 என்றிருந்தால் எட்டு.

ஆறும் ஏழும் ஒன்றும் கிழமல்ல. எஸ்.எஸ்.டி. போட்டால் குதிரை மாதிரி ஓடக்கூடியவை. அவற்றையும் கதவுக்கு வெளியே நிறுத்தியது நியாயம்தானா என்று உலகம் முழுவதும் கேட்டார்கள். பதில் எதுவானாலும் கைவசம் உள்ள கம்ப்யூட்டருக்கு ஒரு வழி சொல்லியாக வேண்டுமே.

அந்த வழி லினக்ஸ். லினக்ஸ் மின்ட், லுபுண்டு போன்றவை இலவசம். பழைய யந்திரத்திலும் சுறுசுறுப்பாக ஓடும். பாதுகாப்புத் திருத்தங்களும் தொடர்ந்து வரும். பென் டிரைவில் ஏற்றி, டிஸ்க்கைத் தொடாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டால் பழையபடி விண்டோஸ். தமிழ்99 விசைப்பலகையும் உண்டு, கடிதம் எழுத லிப்ரே ஆபீஸும் உண்டு. தமிழகத்தில் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்ததே, அதை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள்? ஆனால் கடை வைத்து டேலியில் கணக்கு எழுதுகிறவர்கள் அவசரப்பட வேண்டாம். அது விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. ஆபீஸ் வேலைக்கென்று குறிப்பிட்ட மென்பொருள் வேண்டியவர்களும் விசாரித்துவிட்டு இறங்குவதே நல்லது.

எதற்கும் மசியாத கம்ப்யூட்டர்களும் இருக்கத்தான் செய்கின்றன. மெமரி தாய்ப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டு, கூட்ட இடமில்லாத மலிவு மடிக்கணினிகள் ஒரு ரகம். போர்டு பழுதாகி மாதம் ஒரு தரம் கடைக்குப் போகிறவை இன்னொரு ரகம். பிள்ளை கல்லூரியில் கட்டட வரைபடமோ வீடியோ எடிட்டிங்கோ படிக்கிறான் என்றால் அதற்கு உண்மையிலேயே புதிய பிராசசர் வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் பழையதில் பணம் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். புதிதாக வாங்கும்போது எஸ்.எஸ்.டி. உள்ளதா, மெமரி பின்னால் கூட்ட முடியுமா என்ற இரண்டு கேள்வியைக் கேட்காமல் பணம் கொடுக்கக்கூடாது.

எஸ்.எஸ்.டி. மாட்டிய பிறகு கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் அதிகம். "பழசுதானே, வெச்சுக்கோங்க" என்று தாராளமாகச் சொல்லிவிடுகிறார்கள். அதில் ஆதார் நகல், பாங்க் பாஸ்புக், பெண்ணின் புகைப்படம் எல்லாம் இருக்கிறது. அழித்திருந்தாலும் மீட்டெடுக்க முடியும். கேட்டு வாங்கி வர வேண்டும். புதிய ஏற்பாடு ஒழுங்காக ஓடுகிறது என்று உறுதியாகும்வரை இரண்டு மூன்று மாதம் பீரோவில் இருக்கட்டும். டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் யு.எஸ்.பி. உறை ஒன்று வாங்கிப் போட்டு, புகைப்படச் சேமிப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.